அண்டாவுக்குள் இறங்கிய குழாய்

"எந்தக் குழாய் நல்ல குழாய், சார்?" என்று போன வாரம், புதிதாகக் குழாய் வேலையில் இறங்கியிருக்கும் உங்களில் ஒருவர் கேட்டார். கையில் வழவழவென்று ஒரு விலைப்பட்டியல் புத்தகம் வைத்திருந்தார். நான் பதில் சொல்லாமல் எழுந்து போய்விட்டேன். அவர் மேல் கோபமில்லை. அந்தக் கேள்வி காதில் விழுந்தால் எனக்கு உட்காரத் தோன்றாது, அவ்வளவுதான். நேரில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் எழுந்துவிடுவேன் என்பதால் எழுதித் தருகிறேன். இந்தப் பத்தி முடிவதற்குள்ளேயே இரண்டு தடவை வாசல் வரை போய் வந்தாயிற்று.

மரை வெட்டுவது, சணல் சுற்றுவது, குழாய்க்கு எவ்வளவு சரிவு கொடுப்பது என்பதெல்லாம் நீங்கள் படித்துவிட்டு வந்தவை. அதற்குப் புத்தகம் இருக்கிறது. நம் கையால் ஒரு தப்பு நடந்துவிட்டது என்று தெரிந்த பிறகு வரும் முதல் அரை மணி நேரத்தில் என்ன செய்வது என்பதற்குத்தான் புத்தகம் இல்லை. நான் தவறியது அந்த அரை மணியில். அதனால் ஒரு மனிதர் தன் கண்ணையே நம்பாமல் போனார்.

அறுபதுகளின் கடைசி. எனக்கு இருபத்தேழு வயது. நெல் அவிக்கும் ரைஸ்மில்லில் ஆறு வருடம் நீராவிக் குழாய் வேலை பார்த்துவிட்டு, பெரிய காஞ்சிபுரத்தில் சொந்தமாகப் பட்டறை போட்டிருந்தேன். பட்டறை என்றால் ஒரு பெஞ்சு, குழாயை இறுக்கிப் பிடிக்க ஒரு வைஸ், வாசலில் ஒரு சைக்கிள். மற்றபடி தலைக்கனம் நிறைய இருந்தது.

பிள்ளையார்பாளையத்தில் சபாபதி என்பவர் தன் வீட்டின் பின்கட்டில் பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றும் பட்டறை வைத்திருந்தார். முன்கட்டில் குடும்பம். பின்கட்டில் நான்கு செப்பு அண்டாக்கள், ஒவ்வொன்றின் அடியிலும் சவுக்குக் கட்டை எரியும் அடுப்பு. நாள் முழுக்கப் புகை. அவர் மனைவி ராஜாமணி அம்மாளுக்குக் கண்ணில் ஓயாமல் நீர் வடிந்துகொண்டே இருக்கும். புகையை நிறுத்தாவிட்டால் பார்வை போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ரைஸ்மில்லில் நீராவியால் நெல் அவிப்பதைப் பார்த்திருந்த சபாபதி, அதே நீராவியால் சாயத் தண்ணீரைக் கொதிக்க வைக்க முடியுமா என்று கேட்டு என்னிடம் வந்தார்.

முடியும் என்றேன். கொல்லைக் கோடியில் சின்னதாக ஒரு பாய்லர். அங்கிருந்து வீட்டுப் பின்கட்டுக்கு ஒரு குழாய். ஒவ்வொரு அண்டாவுக்குள்ளும் அதிலிருந்து ஒரு கால் கீழே இறங்கும். அந்தக் காலில் உள்ள துளைகள் வழியாக ஆவி நேரே தண்ணீருக்குள் பாயும். வீட்டுக்குள் நெருப்பே வேண்டாம்.

எந்தக் குழாய் போடுவது என்பதுதான் கேள்வி. கறுப்பு இரும்பு ஆவிக்குப் பழகிய குழாய், ஆனால் வேலை இல்லாத நேரத்தில் உள்ளே துருப்பிடிக்கும். செம்பு நல்லதுதான், ஆனால் அப்போது எளிதில் கிடைக்காது, கிடைத்தாலும் பற்றவைக்க எனக்குக் கை வராது. மூன்றாவது ஜி.ஐ. குழாய், இரும்பின் மேல் துத்தநாகம் பூசியது. ஊரில் தண்ணீர்க் குழாய் போட்ட வீடெல்லாம் அதுதான். வெள்ளி மாதிரி பளபளக்கும், துருப்பிடிக்காது. நான் யோசிக்கவே இல்லை. நுனி முதல் அடி வரை ஜி.ஐ. என்று முடிவு செய்துவிட்டேன்.

அந்தப் பட்டறையின் சாயக்காரர் கோதண்டம். ஐம்பதை நெருங்கியவர், ஒல்லி, முழங்கை வரை எப்போதும் ஏதாவது ஒரு நிறம் ஒட்டியிருக்கும். நூல் கட்டான சிட்டத்தைப் பிழிந்து வெளிச்சத்தில் ஒரு தடவை தூக்கிப் பார்ப்பார், "இன்னும் ஒரு சிட்டிகை" என்பார், போட்டால் நிறம் மாதிரி நூலோடு அப்படியே பொருந்தும். தராசு அவருக்குத் தேவைப்பட்டதில்லை. தெருவில் உள்ள தறிக்காரர்கள் நூல் வாங்க வந்தால் நிறத்தைப் பற்றி ஒன்றும் கேட்க மாட்டார்கள். "கோதண்டம் பாத்தாச்சா?" என்று மட்டும் கேட்டுவிட்டு எடுத்துப் போவார்கள்.

நான் குழாயை அளந்துகொண்டிருந்தபோது அவர் பக்கத்தில் வந்து நின்றார். விரலால் பூச்சைச் சுரண்டிப் பார்த்தார்.

"இந்த வெள்ளப் பூச்சு இன்னாதுபா?"

"துத்தநாகம்ணா. துரு புடிக்காது."

"அண்டாவுக்குள்ள எறங்குற எடத்துலயும் இதேதானா?"

"ஆமா. ஏன்?"

"எங்க அண்டா செம்பு. அதுக்குள்ள வேற எதையும் நாங்க வுடறதில்ல. கலக்குற கோலுகூட மூங்கிலுதான். இரும்புக் கரண்டிய எடுத்துக்கினு உள்ள வந்தாலே எங்கப்பாரு கத்துவாரு."

"ஸ்டீமுக்கும் சாயத்துக்கும் இன்னாணா சம்மந்தம்? உள்ள வர்றது வெறும் ஆவி. நான் ஆறு வருசம் இதுலயே கெடந்தவன்."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "செரிப்பா, நீ படிச்சவன்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் எட்டாவதுதான் படித்திருந்தேன்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். நான் குழாய்க் காலையே விட்டேன். குழாய்க்குள் என்ன ஓடும் என்று எனக்குத் தெரியும். அந்தக் குழாய் எதற்குள் நிற்கப்போகிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் கோதண்டமே சொல்லியிருப்பார். பட்டில் நிறம் ஏறியதும் அதே தண்ணீரில் கொஞ்சம் திராவகம் விடுவார்கள். அதுதான் நிறத்தைப் பிடித்து நிறுத்தும், பட்டுக்கு அந்தச் சரசரப்பையும் கொடுக்கும். திராவகத்தால் புளித்த தண்ணீர், செப்பு அண்டா, நடுவில் துத்தநாகம். மூன்றும் சேர்ந்தால் துத்தநாகம் கரையும், கரையும்போது சாயத்தின் நிறத்தையும் கொன்றுவிடும். இதை இன்றைக்குச் சொல்கிறேன். அன்றைக்கு எனக்குத் தெரியாது.

முதல் பத்து நாள் எனக்கு ராஜமரியாதை. பின்கட்டில் புகையே இல்லை. ராஜாமணி அம்மாள் கண்ணைத் துடைக்காமல் என்னோடு பேசினார், பெரிய லோட்டாவில் மோர் கொடுத்தார். பக்கத்துத் தெருவிலிருந்து இரண்டு சாயப்பட்டறைக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, "எங்களுக்கும் இதே மாதிரி போட்டுக் குடுப்பா" என்றார்கள். அன்று சைக்கிளை மிதிக்கும்போது கால் தரையில் படவே இல்லை.

அதன் பிறகு கோதண்டம் குழம்ப ஆரம்பித்தார். வாடாமல்லி நிறம் ஏறமாட்டேன் என்றது. வழக்கமான அளவு போட்டால் வெளுத்து வந்தது. சாயத்தைக் கூட்டினார், அடுத்து அண்டாவில் இறக்கிய ஈடு கறுத்து வந்தது. குழாய்க் கால் புளித்த தண்ணீரில் எவ்வளவு நேரம் நிற்கிறதோ அதைப் பொறுத்து நிறம் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதிரி நடந்துகொண்டது, ஈரத்தில் ஒன்றாக இருந்தது காய்ந்ததும் வேறாயிற்று. அவருக்கு அது எப்படித் தெரியும்? சாயப் பொடியைக் குறை சொன்னார். பிறகு தண்ணீரைச் சொன்னார். கடைசியில் ஒன்றும் சொல்லாமல் சிட்டத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றார். வால்வு பார்க்கப் போன ஒரு நாள் நான் அதைக் கண்டேன். கண்டும், அவர் வேலை அவர் பாடு என்று திரும்பி வந்தேன்.

கருட சேவைக்கு முந்தின வாரம் அது வெடித்தது. அந்தத் தெருவில் காலையில் பாவு நீட்டுவார்கள். தறியில் ஏற்ற வேண்டிய நூல் முழுவதையும் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, பிரித்துச் சரிபார்ப்பார்கள். நான் சைக்கிளில் வந்தபோது ஒரு வாடாமல்லிப் பாவு நீண்டு கிடந்தது. இளவெயில் நேராக அதன் மேல் விழுந்தது. பாவின் வலது பாதி ஒரு நிறம், இடது பாதி இன்னொரு நிறம். ஒரே சேலைக்கு உரிய நூல். நடுவில் கோடு போட்ட மாதிரி தெரிந்தது.

தெருவே கூடிவிட்டது. தறிக்காரர் சபாபதியை இழுத்துக்கொண்டு வந்தார். பின்னாலேயே கோதண்டமும் வந்தார்.

"ரெண்டு ஈடு, மொதலாளி. ஈரத்துல ஒண்ணாத்தான் இருந்துது. சத்தியமா ஒண்ணாத்தான் இருந்துது."

"ஒண்ணா இருந்துதா? கண்ணத் தொறந்து பாரு, கோதண்டம்! தெருவுல போற கொழந்தகூட சொல்லும், ரெண்டும் வேறன்னு."

கோதண்டம் குனிந்து பாவைப் பார்த்தார், நிமிர்ந்தார், மறுபடி குனிந்தார். கூட்டத்தில் யாரோ, "வயசாச்சுல்ல, கண்ணு மங்கிப்போச்சு" என்றார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஐந்து நிமிடத்தில் தெரு முழுக்க அதையே சொன்னது. சபாபதி குரலை இறக்கி, "கண்ணாடி போட்டுக்கினு வா. அது வரைக்கும் நூல் அலசுற வேலையப் பாரு. வேற ஆளு ஏற்பாடு பண்ணிக்கிறேன்" என்றார். இருபத்தைந்து வருடம் நிறம் பார்த்த மனிதரை நூல் அலசச் சொன்னார்.

அந்தப் பட்டறையில் புதிதாக வந்தது என் குழாய் ஒன்றுதான். ஆட்கள் எல்லாம் தெருவில் நின்றபோது நான் மட்டும் பின்கட்டுக்குப் போனேன். மூலையில் இருந்த அண்டாவின் குழாய்க் காலைக் கழற்றி மேலே தூக்கினேன். தண்ணீர் மட்டத்துக்கு மேலே பளபளவென்று வெள்ளை. கீழே பூச்சே இல்லை, அரித்துப்போன கறுப்பு இரும்பு, விரல் வைத்தால் சொரசொரவென்றிருந்தது. மூங்கில் கோலைப் பற்றி அவர் சொன்னது அப்போதுதான் என் காதில் விழுந்தது.

பிள்ளைகளே, இதுதான் அந்த அரை மணி. தெருவுக்குப் போய் அந்தக் குழாயைத் தூக்கிக் காட்டியிருக்க வேண்டும். இருபது அடி நடந்தால் போதும். நான் நடக்கவில்லை. பக்கத்துத் தெருப் பட்டறைகள் இரண்டும் என் கண் முன்னால் வந்து நின்றன. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? தப்பைச் சத்தமில்லாமல் சரிசெய்துவிட்டால் போதும், நிறம் சரியாகிவிடும், கோதண்டத்துக்கும் வேலை திரும்பிவிடும் என்று நினைத்தேன். அதை நான் புத்திசாலித்தனம் என்றே நம்பினேன்.

மறுநாளே பாத்திரக்காரத் தெருவில் ஒரு கன்னாரைப் பிடித்து நான்கு செப்புக் கால்கள் செய்து வாங்கினேன். "வால்வுல ஒழுக்கு இருக்குது, மொதலாளி, மாத்திட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டு நான்கு அண்டாவிலும் அவற்றை மாட்டினேன். பழைய கால்களைச் சாக்கில் சுற்றி என் பட்டறையில் பெஞ்சுக்குக் கீழே தள்ளினேன்.

அதற்கு அடுத்த நாள் புதுச் சாயக்காரன் வந்தான். அவன் போட்ட முதல் ஈடே மாதிரியோடு அச்சாகப் பொருந்தியது. இரண்டாவதும் அப்படியே. "பாத்தியா, கண்ணுதான் கோளாறு" என்று சபாபதி தெருவுக்கே சொன்னார். கோதண்டம் நூல் அலசிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். நான் செய்த ரிப்பேர் அவர் மேல் போட்ட பழிக்கு முத்திரை குத்திவிட்டது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதைத்தான்.

அதற்குப் பிறகு இருபது நாள் நான் பட்ட பாட்டை யாரிடமும் சொன்னதில்லை. வைஸில் குழாயை மாட்டுவேன், கழற்றுவேன், எதற்கு மாட்டினேன் என்று மறந்துவிடும். சோறு இறங்கவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்கிறார்களே, எனக்குக் காலே குறுகுறுத்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓரிக்கை வரை போவேன், பாலாற்று மணலைப் பார்த்துவிட்டு ஒரு காரணமும் இல்லாமல் திரும்புவேன். சபாபதியிடம் சொல்லிவிடுவது என்று பிள்ளையார்பாளையத்து முனை வரை நான்கு தடவை போனேன். நான்கு தடவையும் சைக்கிள் தானாகத் திரும்பியது.

இருபதாம் நாள் மத்தியானம் கோதண்டமே என் பட்டறைக்கு வந்தார். மூக்கில் புதுக் கண்ணாடி. கையில் காகிதத்தில் சுற்றிய சின்னச் சிட்டம்.

"கண் டாக்டர்கிட்ட போயிட்டு வர்றேன்பா. கிட்டத்துல படிக்கறதுக்கு மட்டும் இத போடுன்னாரு. வேற கோளாறு ஒண்ணுமில்லன்னு சொல்றாரு." சிட்டத்தைப் பிரித்து என் முன் நீட்டினார். "இன்னா கலரு, சொல்லு."

"வாடாமல்லிணா."

"அரக்குச் செவப்பு பாயல?"

"இல்லணா."

"நல்லாப் பாத்து சொல்லு. எனக்கும் வாடாமல்லியாத்தான் தெரியுது. ஆனா எனக்குத் தெரியறதுல இப்ப இன்னா இருக்குது? நீ தெருக்காரன் இல்ல. எம்மேல எரக்கப்பட்டு பொய் சொல்லமாட்ட. அதான் உங்கிட்ட கொண்டாந்தேன்."

என்னால் தாங்க முடியவில்லை. குனிந்து சாக்கை இழுத்தேன். மூலை அண்டாவின் காலை எடுத்து அவர் கையில் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். கோர்வையாகச் சொல்லவில்லை, வந்த மாதிரி கொட்டினேன்.

அவர் குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பூச்சு முடிந்து அரிப்பு தொடங்கும் இடத்தில் கட்டைவிரலை வைத்துத் தேய்த்தார். வைவார் என்று காத்திருந்தேன், வைதிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எத்தினி நாளா இது இங்க இருக்குது?"

"இருவது நாளா."

"என் கண்ணு இருவது நாளா உன் பெஞ்சுக்கு அடியில கெடந்துதாபா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அதைக் கவனிக்கவில்லை, அல்லது கவனித்தும் பொருட்படுத்தவில்லை. குழாயை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "இத மொதலாளி வூட்டுக்குள்ள போயி சொல்லாத. தெருவுலதான் என் கண்ணு போச்சு. தெருவுலயே சொல்லு" என்றார்.

மறுநாள் காலை போனேன். வேறொரு பாவு நீட்டியிருந்தார்கள், கஞ்சி தடவிக்கொண்டிருந்தார்கள். நான் நடுத்தெருவில் குழாயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னேன். கஞ்சி காய்ந்துவிடும் என்பதால் யாரும் கையை நிறுத்தவில்லை. ஆனால் அத்தனை பேரும் தலையை என் பக்கம் திருப்பிக்கொண்டே தடவினார்கள்.

சபாபதி நம்பவில்லை. "கோதண்டம் உன்ன கெஞ்சினானா? இல்ல பாவம்னு நீயா வந்து சொல்றியா?" என்றார். நான் பையில் புது ஜி.ஐ. துண்டு ஒன்று வைத்திருந்தேன். ராஜாமணி அம்மாள் உள்ளேயிருந்து செப்புத் தவலை ஒன்றைக் கொண்டுவந்தார். பட்டறையில் கொதித்துக்கொண்டிருந்த வாடாமல்லித் தண்ணீரை அதில் மொண்டு, கோதண்டம் தன் கையால் திராவகம் விட்டார். நான் துண்டைப் போட்டேன். துண்டைச் சுற்றிப் பொடிப்பொடியாகக் குமிழி கிளம்பியது. எல்லோரும் தவலையைச் சுற்றி நின்றோம். தண்ணீர் சிறிது சிறிதாக வெளிறி, கடைசியில் பழந்துணி அலசிய தண்ணீர் மாதிரி ஆயிற்று.

முதலில் பேசியது ராஜாமணி அம்மாள்தான். புகை போனதில் அவர் கண்தான் தெளிந்திருந்தது. "அப்போ கண்ணாடி யாருக்கு வாங்கியிருக்கணும்?" என்று கேட்டுவிட்டு, கணவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

அன்றைக்கே கோதண்டத்தைப் பழைய வேலைக்கு அழைத்தார் சபாபதி. பக்கத்துத் தெருக்காரர்கள் இருவரும் வேறு பிட்டரைக் கூப்பிட்டுக்கொண்டார்கள், நான் எதிர்பார்த்ததுதான். சபாபதி மட்டும் என்னை விரட்டவில்லை. "தெருவுல ஒத்துக்கினவன், அடுத்த தடவ ஒளிக்க மாட்டான்" என்றாராம்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். நல்ல குழாய் என்று ஒன்று கிடையாது. ஆவி வரும் வழிக்குக் கறுப்பு இரும்பு போதும், தினமும் முதலில் வரும் துருத்தண்ணீரை வெளியே விட்டுவிட ஒரு வால்வு வைத்தால் ஆயிற்று. அண்டாவுக்குள் இறங்கும் கால், அண்டா எதுவோ அதுவாகவே இருக்க வேண்டும். எது சரி என்று குழாய் விற்பவனைக் கேட்காதீர்கள். அந்த அண்டாவில் கை விடுகிறவரைக் கேளுங்கள். அவர் மூங்கில் கோலைப் பற்றிப் பேசினால் வாயை மூடிக்கொண்டு முழுவதும் கேளுங்கள். இன்னொன்று. கழற்றிய பழைய துண்டைச் சாக்கில் சுற்றாதீர்கள். வீட்டுக்காரர் கையில் கொடுத்து, ஏன் கழற்றினேன் என்று சொல்லிவிட்டுப் புதியதை மாட்டுங்கள். அன்றிலிருந்து நான் வேலையை விடும் வரை அப்படித்தான் செய்தேன்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் நிறுத்தினால் பொய்யாகிவிடும்.

கோதண்டம் அதன் பிறகு ஒன்பது வருடம் சாயம் போட்டார். ஒரு ஈடுகூடப் பிசகியதில்லை. நான் மாதம் ஒரு முறை வால்வு பார்க்கப் போவேன். போகும்போதெல்லாம் அவர் ஈரச் சிட்டத்தை என் முன் நீட்டி, "இன்னா கலரு, சொல்லுபா" என்பார். முதல் தடவை, என்னைக் குத்திக்காட்டத்தான் கேட்கிறார் என்று நினைத்து அசட்டுத்தனமாகச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார். அவருக்கு நிஜமாகவே தெரிய வேண்டியிருந்தது.

அண்டாவின் கால்களை மாற்ற எனக்கு அரை நாள் ஆனது. இதை மாற்ற எனக்கு வழி தெரியவில்லை. அதனால் ஒவ்வொரு தடவையும் குழாய் முறுக்கும் ரிஞ்சைக் கீழே வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, சிட்டத்தை வாசல் வெயிலுக்கு எடுத்துப் போய் நன்றாகப் பார்ப்பேன். பிறகு உள்ளே வந்து சொல்வேன்.

"வாடாமல்லிதாண்ணா."